வேட்டைக்குப் போகாதவன் வீட்டில் தாத்தாவின் ரிக்பி ரைபிள்: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

குன்னூர்_ரகு (இழையைத் தொடங்கியவர்)
பிப்ரவரி 3, இரவு 9.20

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன நவம்பரில் தவறிவிட்டார். அவருடைய லைசென்ஸில் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. லண்டன் ஜான் ரிக்பி கம்பெனி செய்த .275 ரைபிள். உண்மையில் அது தாத்தாவுடையது. தாத்தா இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தார். 1950களில் தோட்டத்து துரை சீமைக்குத் திரும்பியபோது அவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கினார்.

நான் வேட்டையாடியதில்லை, ஆடவும் மாட்டேன். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பிறந்தவன். அந்தச் சட்டமே இல்லாவிட்டாலும் ஒரு கடமானைக் குறிபார்த்து விசையை இழுக்க என்னால் முடியாது. தாத்தாகூடக் கடைசியாக வேட்டைக்குப் போனது 1968இல் என்று அவருடைய நோட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் இருந்தார். அத்தனை வருடமும் மாதத்தின் முதல் ஞாயிறு ரைபிள் வெளியே வரும். வராந்தாவில் பழைய கம்பளியை விரித்து, பித்தளைக் கம்பி, பிளானல் துணி, ரங்கூன் எண்ணெய் டப்பா எல்லாவற்றையும் வரிசையாக வைப்பார். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டான போல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுப்பார். அது குளிர்ந்து கனமாக இருக்கும்.

வருடத்தில் ஒருநாள் மட்டும் மண்மேட்டில் தகர டப்பாவை வைத்து இரண்டு மூன்று தோட்டா சுடுவார். அன்றைக்குக் குழலுக்குள் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவார். கெட்டிலைத் தூக்கி வருவது அக்காவின் வேலை. ஆயுத பூஜைக்கு அரிவாள், தையல் மிஷின் இவற்றோடு ரைபிளுக்கும் சந்தனம் வைப்போம்.

இப்போது அது கோயம்புத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் டெபாசிட்டில் இருக்கிறது. அக்கா சொல்கிறாள்: "அது கொல்வதற்காகச் செய்த சாமான். கொல்ல மாட்டேன் என்கிறாய். அப்புறம் எதற்கு உனக்கு? ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இரு." அவள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. கொடுத்துவிடவும் மனசு வரவில்லை. வேட்டையாடாதவன் வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பதில் அர்த்தம் உண்டா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

நெல்லை_வக்கீல்
பிப்ரவரி 3, இரவு 10.05

அப்பா மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல், ரகு. அர்த்தம் பற்றி மற்றவர்கள் பேசட்டும், நான் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டெபாசிட் செய்தது சரி. லைசென்ஸ் உள்ளவர் இறந்த பிறகு அந்தத் துப்பாக்கி வீட்டில் இருந்தால், 1959 ஆயுதச் சட்டப்படி அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான். பலருக்கு இது தெரியாமல் பீரோவில் வருடக்கணக்கில் வைத்திருந்து வழக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும், ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

அடுத்தது, வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் கலெக்டரிடம் மனு. வாரிசுச் சான்றிதழ், அக்கா உள்பட மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், அப்பாவின் லைசென்ஸ், இறப்புச் சான்று. போலீஸ் விசாரணை நடக்கும், வருவாய்த் துறையிலும் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது, முன்பு மூன்று. லைசென்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தானது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எதற்காக வேண்டும் என்று கேட்கும் இடத்தில் "உயிருக்கு ஆபத்து" என்று எழுதச் சொல்லிச் சிலர் ஆலோசனை கொடுப்பார்கள். எழுதாதீர்கள். குடும்பச் சொத்தாக வந்த துப்பாக்கி என்பது சட்டம் ஏற்றுக்கொள்ளும் காரணம். அதையே எழுதுங்கள்.

மலர்விழி_கூடலூர்
பிப்ரவரி 4, காலை 6.45

ரகு அண்ணா, நேர்மையாகச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். உங்கள் அக்கா பக்கம்தான் நான்.

என் அப்பா வனத்துறையில் வாட்சராக முப்பது வருடம் இருந்தவர். எனக்கு ஒன்பது வயதில் ஒரு காட்டெருமை எங்கள் குடியிருப்புக்குக் கீழே ஓடையில் வந்து படுத்தது. யாரோ திருட்டுத்தனமாகச் சுட்டு, குண்டு வயிற்றில் பட்டுத் தப்பி வந்தது. சாக நான்கு நாள் ஆனது. அப்பா நான்கு இரவும் அந்த ஓடைக்கரையில் இருந்தார். அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை.

அழகான துப்பாக்கி என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த ஓடை ஞாபகம் வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாதிரி ரைபிள்கள் யாரிடம் இருந்தன? துரைகளிடமும் ராஜாக்களிடமும். அவர்கள் சுட்டதற்குப் பெயர் விளையாட்டு. பசிக்குக் கண்ணி வைத்த குறும்பருக்கும் இருளருக்கும் பெயர் திருடன். அந்தக் கதையும் அந்தத் துப்பாக்கியின் மரக்கட்டையில் ஊறியிருக்கிறது. உங்கள் தாத்தாவைத் தப்பாகப் பேசவில்லை. அவர் நிறுத்தினாரே, அதுதான் எனக்குப் பிடித்தது. நீங்களும் அங்கேயே நிறுத்திவிடலாமே?

பட்டறை_சண்முகம்
பிப்ரவரி 4, மதியம் 2.30

நான் மரவேலைக்காரன். கோயம்புத்தூரில் துப்பாக்கிக் கடை பட்டறை ஒன்றில் பதினெட்டு வருடம் கட்டை வேலை பார்த்தேன். நானும் ஒரு கோழியைக்கூடச் சுட்டதில்லை. அதனால் ரகு தம்பியின் கேள்வி எனக்கு அந்நியம் இல்லை.

நல்ல ரைபிள் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன், இது தெரியாமல் பேசுவது அதற்குச் செய்கிற அநியாயம். .275 ரிக்பி என்பது மாசர் என்ற ஜெர்மன் துப்பாக்கிக் கம்பெனியின் 7க்கு 57 தோட்டாவுக்கு (7 மில்லிமீட்டர் குண்டு, 57 மில்லிமீட்டர் உறை) லண்டன்காரர்கள் வைத்த பெயர். தோட்டா ஜெர்மனியில் 1890களில் பிறந்தது. ரிக்பி அந்த நாளில் மாசரின் முகவர். ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃப் ஆலையிலிருந்து போல்ட் பகுதி வரும், லண்டனில் குழலும் கட்டையும் பொருத்துவார்கள். ஆலை இரும்பும் கைவேலையும் சேர்ந்த பொருள்.

அந்த போல்ட்டின் வலப்பக்கம் நீளமாக ஒரு எஃகுக் கொக்கி இருக்கும். தோட்டா பெட்டியிலிருந்து எழும்பும்போதே அதன் விளிம்பைக் கவ்விவிடும், வெளியே எறிகிற வரை விடாது. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா விழாது. பின்னால் ஒரு சின்னச் சிறகு மாதிரிப் பூட்டு. வலப்பக்கம் சாய்த்தால் விசையும் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். நேராக நிறுத்தினால் விசை மட்டும் பூட்டு, போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்கலாம். இடப்பக்கம் வந்தால்தான் சுடும். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் இன்றைய கம்பெனிகள் பல இதைப் பார்த்துத்தான் செய்கின்றன.

கட்டை வால்நட் மரம். வார்னிஷ் கிடையாது. ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் தொட்டுச் சூடு பறக்கத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, வாரக்கணக்கில் ஏற்றிய பளபளப்பு. இரும்பு மரத்துக்குள் உட்காருகிற இடத்தில் புகைக்கரி தடவிப் பொருத்திப் பார்ப்பார்கள். எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே உளியால் ஒரு இழை எடுப்பார்கள். மறுபடி பொருத்துவார்கள். ஒரு நகக்கண்கூட நுழையாத இணைப்பு அப்படித்தான் வரும். நான் அந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன், தோற்றிருக்கிறேன். செய்தவன் பெயர் எங்கேயும் பொறித்திருக்காது. கம்பெனி பெயர்தான் இருக்கும். எனக்கு அந்தப் பெயர் தெரியாத ஆளுக்காகத்தான் மனசு கிடந்து அடிக்கிறது.

மலர்விழி அம்மா, நீங்கள் சொன்ன ஓடையும் உண்மை. இதுவும் உண்மை.

குன்னூர்_ரகு
பிப்ரவரி 4, இரவு 8.50

சண்முகம் அண்ணா, தாத்தா போல்ட்டைக் கையில் கொடுத்தது எதற்கு என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

மலர்விழி, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நோட்டில் 1968 பதிவு இரண்டே வரி. "கடமான், பெட்டை. உள்ளே குட்டி இருந்தது." அதோடு நோட்டு முடிகிறது. மீதிப் பக்கங்களில் மளிகைக் கணக்கு. அவர் ஏன் நிறுத்தினார் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. நிறுத்தியவர் ரைபிளை விற்கவில்லை என்பதும் இருக்கிறதே. அதைத்தான் நான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ஸ்கார்பரோ_கண்ணன்
பிப்ரவரி 5, அதிகாலை 4.15

நான் கனடாவில் இருக்கிறேன், சொந்த இடம் கிளிநொச்சிப் பக்கம். எங்கட ஊரில் துவக்கு என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் துவக்கு இருக்கிறது என்றால் அந்த வீட்டுக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம். அதனால் இங்கே வேலையிடத்து நண்பர் ஒருவர் தன் தகப்பனாரின் வேட்டை ரைபிளைக் காட்ட வீட்டுக்குக் கூப்பிட்டபோது எனக்குக் கை வேர்த்தது.

அவரும் வேட்டைக்குப் போகிறவர் இல்லை. பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு முடித்து, பரீட்சை எழுதி, உரிமம் எடுத்திருக்கிறார். தோட்டா இல்லாமல், பூட்டிய அலுமாரிக்குள் விசைப் பூட்டோடு இருந்தது. வருடத்தில் நாலைந்து தரம் சுடுதளத்தில் கடதாசிக் குறிக்குச் சுடுவாராம். என் கையில் தந்தார். நான் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொல்லிப் பார்த்தேன். நல்ல வேலைப்பாடுதான், அதை மறுக்க மாட்டேன்.

ரகு, நான் வை என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு துவக்கு வெறும் பொருளாக, தகப்பனாரின் ஞாபகமாக இருக்க முடிகிற நாட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். எனக்கு அதுவே பெரிய விஷயமாகத் தெரிகிறது. பூட்டை மட்டும் கவனமாகப் பாருங்கோ. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தோட்டா ஓரிடம், போல்ட் ஓரிடம், ரைபிள் ஓரிடம்.

தாளவாடி_விவசாயி
பிப்ரவரி 5, காலை 7.10

எனக்கு நேரடியான கேள்வி. ஒரு ஏக்கர் மரவள்ளியைப் போன வாரம் பன்றி ஒரே ராத்திரியில் புரட்டிவிட்டது. இவ்வளவு நல்ல ரைபிள் சும்மா படுத்திருப்பதைக் கேட்டால் வயிறு எரிகிறது. கேரளாவில் சுட அனுமதி கொடுக்கிறார்களே, லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் போய் உதவலாமே?

நெல்லை_வக்கீல்
பிப்ரவரி 5, காலை 9.40

உங்கள் கோபம் நியாயமானது. கேரளாவில் 2022இலிருந்து பஞ்சாயத்துத் தலைவருக்கே காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள், லைசென்ஸ் உள்ளவர்களை அதற்குப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. இங்கே காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம் என்று 2025இல் அறிவித்தார்கள். வனத்துறையினர் மட்டும். ரகு போய்ச் சுட்டால் ரகுவுக்கு ஜெயில்.

பட்டறை_சண்முகம்
பிப்ரவரி 5, காலை 11.00

சட்டம் இருக்கட்டும், அந்த ரைபிள் அந்த வேலைக்கு ஆகாது. அதன் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர், ரோட்டில் பைக்கில் போகிறவர், யார் மேலும் படலாம். ராத்திரி நேரத்தில் வயல்காட்டில் அதைத் தூக்குவதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

ரகு தம்பிக்கு ஒரு தகவல். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் சுட்டதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்ததும் இதே .275 ரிக்பிதான். அதன் கட்டையில் வெள்ளித் தகடு பதித்திருந்தார்கள். பிற்காலத்தில் அவர் அதிகம் தூக்கியது கேமராவை. அந்த ரைபிள் இப்போது செய்த கம்பெனியிடமே திரும்பிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ரிக்பியின் பழைய கணக்குப் புத்தகங்களும் அவர்களிடம் இருக்கின்றன. குழலில் உள்ள வரிசை எண்ணை எழுதிப் போட்டால் யாருக்காக, எப்போது செய்தது என்று பார்த்துச் சொல்வார்கள்.

மடிக்கேரி_பானு
பிப்ரவரி 6, மாலை 5.25

நான் திருச்சிக்காரி, மடிக்கேரியில் காலேஜில் வேலை. கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி, இந்தக் குடகு நாட்டின் கொடவ இனத்தவர், செப்டம்பர் மாதம் கைல்போளுக்குக் கூப்பிட்டார். நாற்று நட்டு முடிந்தபின் வருகிற ஆயுதத் திருநாள் அது. வீட்டுத் துப்பாக்கிகளை விளக்கு முன்னால் சாய்த்துவைத்து, குழலில் ஒரு பூவைச் செருகியிருந்தார்கள். அதற்கு அவர்கள் மொழியில் தோக் பூ, துப்பாக்கிப் பூ என்று பெயர். கிட்டப் போய்ப் பார்த்தால் நம் செங்காந்தள்! சங்கப் பாட்டில் படித்த பூ, நம் மாநிலப் பூ, துப்பாக்கி வாயில்.

இங்கே கொடவர்களுக்கு ஆயுத லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிறது, இப்போது 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அன்றைக்கு மதியம் உயரமான மரத்தில் தேங்காயைக் கட்டிவைத்துச் சுடுகிற போட்டி. பெண்களும் சுட்டார்கள். வேட்டை நின்றுபோய் ஐம்பது வருடம் ஆகிவிட்டது. துப்பாக்கிக்கு அந்த ஊரில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது, பிறப்பிலும் சாவிலும்கூட வெடிச் சத்தம் உண்டு.

ரகு, உங்கள் வீட்டிலும் அதற்கு ஒரு இடம் இருந்திருக்கிறது. முதல் ஞாயிறு, வராந்தா, கம்பளி. கொடுத்துவிட்டால் அதுவும் சேர்ந்து போகும். வைத்துக்கொண்டு அந்த ஞாயிற்றை விட்டுவிட்டாலும் போகும்தான்.

மலர்விழி_கூடலூர்
பிப்ரவரி 6, இரவு 9.30

பானு அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். என் கருத்து முழுக்க மாறவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அதைச் சொன்னவரும் என் அப்பாதான்.

நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். 1879இல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புக்கு இங்கே சட்டமே வந்தது. எந்த மாதம் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்று கட்டுப்பாடு. தங்களுக்குச் சுட மிச்சம் வேண்டும் என்ற சுயநலம்தான் அதன் வேர். ஆனாலும் வரையாடு இந்த மலையில் மிச்சமிருப்பதில் அதற்குப் பங்கு உண்டு என்பார் அப்பா. அதே சங்கம் பிற்காலத்தில் வேட்டையை விட்டுவிட்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு வந்தது. ஒரு காலத்தில் துப்பாக்கியோடு ஏறிய மேட்டில் பைனாகுலரோடு ஏறி வரையாட்டை எண்ணினார்கள்.

ஆக, ஒரு மனிதர் மாற முடியும், ஒரு சங்கம் மாற முடியும். ஒரு பொருள் மாறுமா? அங்கேதான் நான் நிற்கிறேன். நீங்கள் வைத்துக்கொண்டால் அந்த நோட்டையும் அதோடு வையுங்கள், ரகு அண்ணா. 1968 பக்கம் திறந்திருக்கட்டும். ரைபிளை மட்டும் எடுத்துக் காட்டாதீர்கள்.

குன்னூர்_ரகு
பிப்ரவரி 7, காலை 6.00

செய்கிறேன், மலர்விழி. இன்றைக்கு மனு எழுதுகிறேன். அக்காவிடம் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை.

குன்னூர்_ரகு
டிசம்பர் 21, இரவு 8.15

இந்த இழை ஞாபகம் இருக்கிறதா? பத்து மாதம் ஆகிவிட்டது.

லைசென்ஸ் அக்டோபர் கடைசியில் வந்தது. நான்கு முறை விசாரணைக்குப் போனேன். "சார், சுடவே மாட்டேன் என்கிறீர்கள், அப்புறம் எதற்கு?" என்று அங்கேயும் கேட்டார்கள். தாத்தா, அப்பா, முதல் ஞாயிறு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் தன் அப்பாவின் நாதஸ்வரம் வீட்டில் இருக்கிறது, வாசிக்க யாரும் இல்லை என்றார். அதற்கு மேல் கேள்வி வரவில்லை.

கடையிலிருந்து எடுத்தபோது குழலின் வெளியே இரண்டு இடத்தில் துரு. அப்பா காலத்தில் ஒரு தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்பி வந்தபோது இதைவிட மோசம், ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். இந்தத் துருவை சண்முகம் அண்ணா வீட்டுக்கே வந்து, எண்ணெயும் மெல்லிய எஃகுப் பஞ்சும் வைத்து இரண்டு மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அந்தக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ரிக்பியிலிருந்தும் பதில் வந்தது. 1926இல் மதராசுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

போன ஞாயிறு, ரைபிள் கிளப் மூலம் அனுமதி வாங்கி, சுடுதளத்தில் சுட்டேன். தாத்தாவின் பழைய தோட்டாக்களைச் சுட வேண்டாம் என்று அண்ணா சொல்லிவிட்டதால் அவற்றைக் கணக்கோடு ஒப்படைத்துவிட்டேன். புதிய தோட்டாவுக்கு மூன்று மாதம் அலைந்து பத்து கிடைத்தது. ஐந்து சுட்டேன். நூறு மீட்டரில் கடதாசி. ஐந்தும் ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்குள் விழுந்தன. தோள் இன்னும் வலிக்கிறது.

வீட்டுக்கு வந்து வராந்தாவில் கம்பளியை விரித்தேன். அக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்தாள். என் மகள் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "எவ்வளவு கனம்" என்றாள். நான் பிளானல் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் சத்தம் கேட்டது. அக்கா கெட்டிலோடு வந்து நின்றாள்.

பழைய தோட்டாவில் உப்பு இருக்கும், அதைக் கரைக்கத்தான் வெந்நீர், இந்தப் புதுத் தோட்டாவுக்கு அது தேவையில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. குழலைச் சாய்த்துப் பிடித்தேன், அவள் ஊற்றினாள்.

மலர்விழி_கூடலூர்
டிசம்பர் 21, இரவு 9.05

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அடுத்த முறை கூடலூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள் அண்ணா, அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள்.

பட்டறை_சண்முகம்
டிசம்பர் 21, இரவு 9.40

தம்பி, வெந்நீர் ஊற்றியதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் குழல் சூடு ஆறுவதற்குள் காய்ந்த துணியை நாலு முறை விட்டு எடுத்திருக்க வேண்டும், எடுத்தீர்களா? கட்டைக்கும் குழலுக்கும் நடுவில் நீர் இறங்கியிருந்தால் உள்ளே துரு பிடிக்கும், வெளியே தெரியாது. எண்ணெய் போட்ட பிறகு இன்று ராத்திரி முழுக்க வாயைக் கீழாக்கி நிறுத்துங்கள். மேல் நோக்கி நிறுத்தினால் எண்ணெய் வழிந்து கட்டையின் கழுத்துக்குள் ஊறி மரத்தை இளக்கிவிடும். தோல் உறைக்குள் போடவே வேண்டாம், குன்னூர் பனிக்குத் தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். காலையில் எடுத்துத் துடைத்துவிட்டு அலமாரியில் வையுங்கள். ஜனவரி முதல் ஞாயிறு நான் வருகிறேன்.